நின்றுகொண்டே தூங்கியவள்

பிடிக்காத புத்தகத்தை மூடுவதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் காலம் தள்ளியவள் நான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் வந்து தொண்டையைச் செருமும்போதே, இவர் ஸ்டாம்ப் வாங்க வந்தவரா, சண்டை போட வந்தவரா என்று தெரிந்துவிடும். புத்தகமும் அப்படித்தான். பத்துப் பக்கம் கொடுப்பேன், மனசு நன்றாக இருந்தால் இருபது. அதற்குள் என்னோடு பேசத் தெரியவில்லை என்றால் படாரென்று மூடிவிட்டு வேறொன்று எடுப்பேன். எழுதியவருக்குக் கோபம் வந்தால் வரட்டும். என் சாயங்காலத்தை வீணாக்கியதற்கு எனக்கும் அவர்மேல் கோபம்தான்.

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். தலைமையாசிரியராக இருந்தவர். அவருக்கு வயதானபோது பள்ளிக்கூடத்துக்குத்தான் ஓய்வு கிடைத்தது, எங்களுக்கு இல்லை. வீட்டில் நானும் மகளும் அவரை எச்.எம். என்றுதான் சொல்வோம். எடுத்ததை முடிக்காதவர்களால்தான் உலகம் உருப்படாமல் போகிறது என்பது அவர் கட்சி. நான் பாதியில் போட்ட புத்தகங்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போவார். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது, "கடைசியில அவ செத்துடறா" என்று தண்டனை வாசிப்பதுபோல் அறிவிப்பார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, நிம்மதியாகப் போகட்டும் என்பேன்.

பிறகு என் கண் போனது. நரம்பு காய்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். அழுது முடித்த பிறகு வீட்டைக் கையால் படித்துக்கொண்டேன். சுவர், மேஜை விளிம்பு, அடுப்பின் திருகு எல்லாம் விரலுக்கு வந்துவிட்டன. யார் தயவும் இல்லாமல் என் டீயை நானே போட்டுக் குடித்தேன். புத்தகம் மட்டும் கைக்கு வரவில்லை. மகள் கைப்பேசியில் கதை வாசிக்கிற ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தாள். அந்தக் குரலுக்கு ஒருத்தி அழுவதும் ஒன்றுதான், அரிசி விலையும் ஒன்றுதான். அதையும் மூடி வைத்தேன். அப்போதுதான் எச்.எம். தினமும் மதியத்துக்கு மேல் தானே வாசித்துக் காட்டுவதாகச் சொன்னார். உண்மையைச் சொல்ல வேண்டும், நல்ல குரல் அவருக்கு. நானும் ஆசையாகத்தான் உட்கார்ந்தேன்.

அவர் எடுத்தது தலையணை தடிமனில் ஒரு நாவல். விருது வாங்கியதாம். மரக்கடை வைத்திருக்கிற ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதை. முதல் தலைமுறை மரம் வாங்கிக் கொண்டுவந்து இறக்குவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. ஜவ்வாக இழுத்தார் அந்த எழுத்தாளர். மூத்த அண்ணன் கோபத்தோடு நாற்காலியை விட்டு எழப் போகிறான் என்று திங்கட்கிழமை ஆரம்பித்தது. வியாழக்கிழமையும் அவன் எழுந்தபாடில்லை. எனக்கு இது வேண்டாங்க, வேற எடுங்க என்றேன். பொறுமை வேணும், போகப் போகப் பிடிக்கும் என்றார். மறுநாளும் சொன்னேன். இந்த அத்தியாயம் முடியட்டும் என்றார். அந்த அத்தியாயம் முடிந்தது, அடுத்தது ஆரம்பித்தது. என்னால் என்ன செய்ய முடியும்? எழுந்து போகலாம். போய், எந்தச் சுவரைப் பார்த்து உட்கார்வது? என் கையில் இருந்தவரை நான் மூடினேன். அவர் கையில் இருக்கும்போது எப்படி மூடுவது? வாழ்நாளில் முதல்முறையாக ஒரு புத்தகத்திடம் மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

சலிப்பாக இருந்தாலும் காது வேலை செய்யுமே. ஒருநாள் கதையில், மாடிப்படியில் நின்று கணவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த சின்ன மருமகள், அடுத்த வரியில் மாலை போட்ட அவன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவ புருஷன் எப்பங்க செத்தான் என்று கேட்டேன்.

"இப்பதானே படிச்சேன். நீ தூங்கிட்ட."

தூங்கினேனா? கண் தெரிகிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. தூங்கி விழித்தால் வெளிச்சம் சொல்லிவிடும். எனக்கு முழிப்பும் இருட்டு, தூக்கமும் இருட்டு. சரி, அசந்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளில் மரக்கடை எரிந்து, பாதி கட்டியும் முடித்திருந்தார்கள். எரிந்தது எனக்குத் தெரியாது. "நீதான் அசந்துட்டியே" என்றார். அப்புறம் இது வழக்கமாகிவிட்டது. எதைக் கேட்டாலும் அசந்துட்ட, அசந்துட்ட.

அதோடு நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். ஒருநாள் டீ போடப் போனவளை வழிமறித்து, நீ இனிமே அடுப்புப் பக்கம் போகாதே, பத்த வச்சுட்டு அசந்துட்டேன்னா வீடே போயிடும் என்றார். திருகைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் மகள் போன் செய்தாள். குரலில் தேன் ஒழுகியது. உட்கார்ந்த இடத்திலேயே நினைவு தப்பிப் போகிறதாமே, அப்பா ரொம்பப் பயப்படுகிறார், மூளை டாக்டர் ஒருவரிடம் காட்டலாம், நேரம் வாங்கி வைக்கிறேன் என்றாள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க என்றாள். கண் போனபோது கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. கண் போனது எனக்குத் தெரியும். புத்தி போனால் எப்படித் தெரியும்?

இரவு முழுக்கப் புரண்டேன். காலையில் பயம் போய் ஆத்திரம் வந்திருந்தது. தூங்குகிறேனா இல்லையா, இன்றைக்கு எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மதியம் அவர் வழக்கம்போல் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் நாலு வரி போனதும் சத்தமில்லாமல் எழுந்தேன். மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே போய் ஜன்னலோரம் நின்றேன். கம்பி வெயிலில் காய்ந்திருந்தது. அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை எரிந்தது. ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். மூத்த அண்ணனின் மகள் வீட்டை விட்டுப் போவதாகச் சொல்லிப் பெட்டி கட்டினாள். அப்பன் கதவை மறித்தான். அவள் அப்பனைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அந்தப் புத்தகத்திலேயே முதல்முறையாக எனக்கு, அடுத்து என்ன என்று இருந்தது. எச்.எம். விரலை நாக்கில் தொடுவது கேட்டது. காகிதம் சரசரவென்று ஓடியது. ஒரு தாள் புரளுகிற சத்தமா அது? அடுத்த வரியில் அவள் வெளியூரில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தாள்.

அவ அப்பாகிட்ட என்னங்க சொன்னா என்று கேட்டேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், குரல் புத்தகத்துக்குள்ளிருந்தே வந்தது. "அதான் படிச்சேனே. நீ தூங்கிட்ட. அந்த நாற்காலியில சாஞ்சாலே உனக்கு அப்படித்தான்."

"நான் எங்க இருக்கேன்னு பாருங்க."

அப்போதுதான் அவர் என் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

"நின்னுக்கிட்டா தூங்கினேன்?"

புத்தகத்தைத் தொடையில் வைத்தார். மென்று விழுங்கினார். உனக்காகத்தான் என்று ஆரம்பித்தார். உனக்குச் சலிப்பாயிருந்ததே, சீக்கிரம் முடியட்டும்னு என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. வேண்டாம், வேறு எடுங்கள் என்று நான் கேட்டபோது பொறுமை வேண்டும் என்று பாடம் நடத்திய மனுஷன்.

"உங்களுக்குச் சலிச்சா தாண்டிப் போவீங்க. எனக்குச் சலிச்சா நான் கேட்டுக்கிட்டு உக்காரணும். கேள்வி கேட்டா என்னையே பைத்தியமாக்குவீங்க, இல்ல?"

சொல்லும்போதே எனக்கு இன்னொன்றும் பிடிபட்டது. நான் பாதியில் போட்ட எத்தனையோ புத்தகங்களை அவர் முடித்ததாகச் சொல்லியிருக்கிறார். கடைசியில் அவள் செத்தாள் என்றுதான் சொன்னார். நடுவில் அவள் எப்படி இருந்தாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒன்றையாவது முழுசாகப் படித்தீர்களா என்று கேட்டேன். பாதியில் போட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கும் என்றார், சின்னக் குரலில். வேறொரு நாளாக இருந்தால் பாவம் என்று நினைத்திருப்பேன். அன்றைக்கு நினைக்கவில்லை. அவருடைய வெட்கத்துக்கு என் புத்தியை விலையாக வைத்திருந்தார்.

மகளுக்குப் போன் போடச் சொன்னேன். அப்புறம் பேசிக்கலாம் என்றார். இப்போதே, நான் நிற்கும்போதே என்றேன். போட்டார். மகள் எடுத்ததும் உடம்பு எப்படி, சாப்பிட்டாயா என்று சுற்றி வளைத்தார். நான் கம்பியை விடாமல் காத்திருந்தேன்.

"அம்மா தூங்கலம்மா," என்றார் கடைசியில். "நான்தான் பக்கத்தைத் தாண்டிட்டு அவ தூங்கினான்னு சொன்னேன். டாக்டர் வேண்டாம்."

அந்தப் பக்கம் மகள் சிரித்தாள். இதுக்குப் போயா இவ்வளவு, நீங்க ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க மாதிரி என்றாள். அவளுக்கு அது சிரிப்பு. அவள் வைத்த பிறகும் நான் சிரிக்கவில்லை. அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். திருகு உரிய இடத்தில் மாட்டப்படும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எல்லாத்தையும் ஒழுங்காகப் படிக்கிறேன், ஒரு வரி விடாமல் என்றார்.

நான் அவரிடம் போய்க் கையை நீட்டினேன். புத்தகத்தைக் கொடுத்தார். ஆனால் படித்த பக்கத்துக்குள் அவர் விரல் இருந்தது.

"விரலை எடுங்க."

"எடுத்தா எந்தப் பக்கம்னு தெரியாமப் போயிடும்."

"போகட்டும்."

எடுக்கவில்லை. நானும் விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அந்தத் தலையணைப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். பெட்டி கட்டிய அந்தப் பெண் அப்பனிடம் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். அதை அவர் வாயால் கேட்டால், எழுதியதைப் படிக்கிறாரா, அவராகச் சொல்கிறாரா என்று எனக்கு இனி எந்த நாளும் தெரியப் போவதில்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

விரல் மெதுவாக வெளியே வந்தது. நான் புத்தகத்தை மூடினேன்.