கொக்குவிலுக்கு ஒரு சைவ மீன்

கடலைத் தேடிப் போனவர்கள் உலகத்தில் எண்ணில்லாதவர்கள். கடலைத் தன்னிடம் வரவழைத்தவர் ஒருவர்தான். அவர் கொக்குவிலில் இருந்தார். பெயர் அருட்பிரகாசம், கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் வரவழைத்த கடல் மூன்றடி நீளமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டிக்குள் இருந்தது. ஒரு மூலையால் ஒழுகியது. ஒழுகிய இடத்தில் அவருடைய மனைவி பூரணம் பழைய சாரத்துணி ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தாள்.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, வைகாசி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் போய் மூன்று வருடமாகியிருந்தது. சனங்கள் ஜாம் போத்தலில் திரி போட்டுச் சொட்டு மண்ணெண்ணெயில் வெளிச்சம் கண்டார்கள். அந்த நேரத்தில் ஒருவர் வீட்டு ஹோலில் உப்புத்தண்ணீரை நிரப்பி வைத்திருப்பதன் மகிமை, அது எவருக்கும் எதற்கும் தேவையில்லை என்பதில்தான் இருந்தது. பக்கத்து ஒழுங்கை ஏரம்பர் சீமெந்துத் தொட்டியில் தங்கமீன் வளர்த்தார். "நல்ல தண்ணி மீனை எவனும் வளப்பான்" என்பது அருட்பிரகாசத்தின் அபிப்பிராயம். பின்மதிலில் பெயர்த்த முருகைக்கற்களை அடுக்கிப் பவளப் பாறை அமைத்தார். மதிலில் அடித்திருந்த சுண்ணாம்பு கரைந்து முதல் கிழமை முழுவதும் கடல் பால்போலக் கிடந்தது. காற்றுக்கும் வழி கண்டார். பெற்றோல் இல்லாமல் செங்கல்லின் மேல் ஏறி நின்ற ஒஸ்ரின் காரின் ரியூப்களைக் கழற்றி, சைக்கிள் பம்பால் இறுக அடித்து, மெல்லிய குழாய் ஒன்றைத் தொட்டிக்குள் விட்டார். கார் ஓடாவிட்டாலும் கடல் மூச்சுவிட்டது.

கடல்தண்ணீர் கொண்டுவந்தவன் குருநகர் சிமியோன், மீன்பிடிகாரன். சைக்கிள் கரியரில் இரண்டு பிளாஸ்டிக் கான் கட்டி வருவான். கூலி கேட்கமாட்டான். அவன் கேட்டது வேறு. அவனுடைய மனைவி மக்டலீனுக்கு இருதயத்தில் வால்வு சுருங்கியிருந்தது. கெதியாகக் கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்யவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். குடாநாட்டை விட்டுப் போவதற்கு இயக்கம் கொடுக்கிற பாஸ் வேண்டும். பாஸ் கிடைக்க, போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பிணை நிற்கவேண்டும். வராவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்லவேண்டும். ஓராள் ஓராளுக்குத்தான் நிற்கலாம். மக்டலீனுக்குத் துணையாகப் போகிற தங்கை ஸ்ரெல்லாவுக்குச் சிமியோன் நின்றாயிற்று. கோயில் பாதரும் ஏற்கெனவே யாருக்கோ நின்றுவிட்டார்.

"பிணைதானே? நான் நிக்கிறன்" என்றார் அருட்பிரகாசம், ஒரு கணமும் யோசிக்காமல். "என்ரை சொல்லுக்கு அங்கை ஒரு மதிப்பிருக்கு. முதல்லை உந்தத் தொட்டிக்கு ஏத்த மீனொண்டு கொண்டா."

சிமியோன் அன்று பின்னேரமே தன் ஒன்றுவிட்ட தமையன் கிறகோரியிடம் போய், "நீங்கள் கரைச்சல்படத் தேவையில்லை அண்ணை, பெரிய ஆளொண்டு கிடைச்சிட்டுது" என்று சொன்னான். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றான். அதுவரை பிணை நிற்க அரைமனதோடு சம்மதித்திருந்த கிறகோரி அடுத்த கிழமை வேறொருவருக்கு நின்றுவிட்டான்.

முதல் மீன் மஞ்சள், கறுப்புக் கோடு, பீங்கான்போலத் தட்டை. கொக்குவில் அதைப்போல ஒன்றைக் கண்டதில்லை.

"உது என்ன சாப்பிடும்?"

"முருகைக்கல்லிலை இருக்கிற புழு பூச்சி, ஐயா."

"புழுவோ! சிமியோன், இது சைவ வீடு."

மீன் வளர்ப்பது பாவமில்லை, தின்பதுதான் பாவம் என்று அவர் விளக்கினார். வளர்ப்பது சீவகாருண்யம். ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே மாமிசம் தின்ன எவருக்கும் அனுமதியில்லை, மீனுக்குந்தான். இரண்டாவது மீன் சிவப்பில் வெள்ளைப் பட்டி. இரண்டு நாள் அடக்கமாக இருந்தது. மூன்றாம் நாள், தண்ணீரோடு வந்த கூனியிறால் ஒன்றை, பூரணம் பூத்தட்டோடு கடந்துபோகிற நேரம் பார்த்து விழுங்கியது. அவள் திரும்பவும் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது நீலம். பாசிதான் தின்றது, ஆனால் கல்லுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. "வாற ஆக்களுக்கு முகங்காட்டாத மீன் என்னத்துக்கு?"

இந்தப் பேச்செல்லாம் முற்றத்தில் நடந்தது. சாதி பார்ப்பதை அருட்பிரகாசம் எப்போதோ விட்டுவிட்டார். வாசிகசாலை மேடையில் ஏறி அதைச் சொல்லியும் இருக்கிறார். சிமியோன் முற்றத்தோடு நின்றது அவன் காலில் மணல் இருந்தபடியால். மீன்கள் ஹோலுக்குள் போய்வந்தன.

கடற்படைப் படகுக்குப் பயந்து கரையோரத் தண்ணீரில் இடுப்பளவு நின்றே சிமியோன் இந்த மீன்களைப் பிடித்தான். வீட்டில் மக்டலீன் சுவரோடு சாய்ந்து இருந்தபடி நித்திரை கொண்டாள். படுத்தால் மூச்சு முட்டியது.

"இஞ்சாருங்கோ, உந்த மீனுக்குச் சாதகம் பொருந்தேல்லையாமோ இன்னும்?"

"நிறம், குணம், சாப்பாடு எல்லாம் பாக்கிறார்."

"எனக்கு மாப்பிள்ளை பாக்கேக்கை எங்கடை அப்பு இவ்வளவு கேக்கேல்லை. கேட்டிருந்தால் நான் தப்பியிருப்பன்."

அவன் சிரித்தான். அவளும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குக் காத்திருந்தாள். அவளுடைய கால் வீங்கிப் பளபளத்தது. சிமியோன் அதைப் பாராமல் கானின் மூடியை இறுக்கினான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

நாலாவதாக அவன் கொண்டுவந்தது குஞ்சு ஓரா. அவனுடைய தெருவில் எல்லாரும் குழம்பு வைக்கிற மீன். முதுகில் விஷமுள், உடம்பில் மங்கலான புள்ளி, பாசியைத் தவிர வேறெதிலும் பெரிய நாட்டமில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஹோலில் ஏரம்பரும் ஓய்வுபெற்ற தபாலதிபர் தம்பிராசரும் தேத்தண்ணியோடு இருந்தார்கள். ஓரா தொட்டிக்குள் இறங்கியதும் ஒளிக்கவில்லை. நேரே முன்கண்ணாடிக்கு வந்து, அதில் படிந்திருந்த பச்சையை மெல்ல அரித்துத் தின்னத் தொடங்கியது.

"வாயைப் பாருங்கோ, தேவாரம் படிக்கிற மாதிரி!" என்றார் ஏரம்பர். தங்கமீன்காரரின் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

"சுத்த சைவம்" என்றார் அருட்பிரகாசம். சொன்னபிறகுதான் அவருடைய முகம் மாறியது.

"நிறந்தான் கொஞ்சம் மட்டு" என்றார் தம்பிராசர்.

"அதுதானே! நிறம் காணாது, சிமியோன். இன்னொண்டு பாப்பம்."

முற்றத்திலிருந்து சிமியோன், அந்த வீட்டில் அதுவரை எழுப்பாத குரலில் கேட்டான்: "ஐயா, நாளைக்குப் பிணைக்கு வருவியளோ, மாட்டியளோ? அவளாலை இனி ஏலாது."

தேத்தண்ணிக் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன. "இவர் வராமல் என்ன?" என்றார் ஏரம்பர், விருந்தாளியின் உரிமையோடு. "இவரைக் கண்டால் அங்கை எழும்பி நிண்டெல்லோ கதைப்பாங்கள்."

அருட்பிரகாசம் சால்வையால் கழுத்தைத் துடைத்தார். ஏரம்பரைப் பார்த்தார், தம்பிராசரைப் பார்த்தார். "ஓம், நாளைக்கு வாறன்" என்றார். அதைச் சிமியோனைப் பார்த்துச் சொல்லவில்லை.

பாஸ் எடுக்கிற இடத்தில் வாங்குப் பலகை நிறையச் சனம். சிமியோன் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்த மக்டலீன் கோயிலுக்குக் கட்டுகிற சேலையோடு இருந்தாள். மடியில் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டுகள் வைத்த பை. அருட்பிரகாசம் பிந்தித்தான் வந்தார். வந்ததும் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"சனம் கனக்க, சிமியோன். வேறை ஒரு நாளைக்கு வருவம்."

"நாங்கள் இருக்கிறம், ஐயா" என்றாள் மக்டலீன். "எனக்கு இருந்து பழகிப்போச்சு."

முறை வந்தது. மேசையில் இருந்த இயக்கப் பொடியன் எழும்பவில்லை. பெயரைக் கேட்டான், கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"ஐயா, உங்கடை மச்சான் வந்திட்டாரோ?"

"எந்த மச்சான்?"

"போன ஆடியிலை நீங்கள் பிணை நிண்டு அனுப்பின ஆள்."

"தம்பி, கொஞ்சம் மெல்லமாய்க் கதையுங்கோ."

பொடியன் மெல்லமாகத்தான் கதைத்தான். ஆனால் வாங்கிலிருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். "அவர் வருமட்டும் உங்கடை பிணையை எடுக்கேலாது எண்டு கூப்பிட்டுச் சொன்னனாங்கள்தானே, ஐயா? ஒப்பமும் வைச்சனீங்கள். அம்மாவுக்கு வேறை ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ."

சிமியோன் அருட்பிரகாசத்தைப் பார்த்தான். அவர் சுவரில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். சுவரில் எதுவும் எழுதியிருக்கவில்லை. எழும்பி வந்திருந்த மக்டலீன் திரும்பிப்போய், தான் விட்ட இடத்தில் வேறொருத்தி இருந்தபடியால், வாங்கின் நுனியில் இருந்துகொண்டாள்.

மச்சான் பத்து மாதமாகக் கனடாவில் இருந்தார். அவர் போட்டுக்கொண்டு போன குளிர்கோட் அருட்பிரகாசத்தினுடையது.