பறந்த மெயிலைப் பிடித்தவன்

1

பறந்துகொண்டிருந்த மின்னஞ்சல் ஒன்றை நான் வெறுங்கையால் பிடித்திருக்கிறேன். பட்டாம்பூச்சியைப் பிடிப்பதுபோல் அல்ல. அது என்ன பெரிய வேலை. ஓடுகிற ரயிலைக் காதைத் திருகி நிறுத்துவதுபோல். உலகத்தில் இதைச் செய்த ஒரே ஆள் நான்தான் என்பதை மிகுந்த அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு கல்யாணத்தில், சாப்பாட்டு மேசையில், புதுச் சம்பந்தியிடம் மேற்படி வாக்கியத்தைச் சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். பக்கத்தில் இருந்த என் மனைவி, "இவர் சொல்றதுல பாதியைத் தள்ளிடுங்க. மீதிப் பாதியை நம்பாதீங்க" என்றாள். மேசை முழுக்கச் சிரித்தது. பரிமாறியவர்கூடச் சிரித்தார்.

அன்றே தீர்மானித்தேன், எழுதிவிடுவதென்று. வாயால் சொன்னால்தானே பொய். அச்சில் வந்துவிட்டால் எதுவுமே ஒரு

[இந்த வாக்கியம் எங்கே போகிறதென்று எனக்கே தெரியவில்லை. இப்படியே கிடக்கட்டும்.]

2

முதல் தொடக்கம்: "சர்வர் அறையில் குளிர் எப்படி இருந்ததென்றால், என் மீசை உறைந்துபோய், தும்மியபோது இரண்டாக ஒடிந்து கீழே விழுந்தது."

"உங்களுக்கு எப்ப மீசை இருந்துச்சு?" இது என் மனைவி. தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாள். அவளும் நான் அப்போதிருந்த அதே அலுவலகத்தில் வேலை பார்த்தவள் என்பதுதான் இந்தக் கதையின் பெரிய இடைஞ்சல்.

"கதைக்காக வளர்த்தேன்."

"அப்ப கதைக்குள்ளயே சிரைச்சிடுங்க."

சிரைத்தாயிற்று.

இரண்டாம் தொடக்கம்: "மின்னஞ்சல் சர்வர் என்பது ஓர் அலுவலகத்தின் இதயம்." [குடல் என்றால் இன்னும் பொருத்தம். இரண்டையும் அடித்துவிட்டேன்.] நேராகவே சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் யார் யாருக்கு மெயில் அனுப்பினாலும், பக்கத்து நாற்காலிக்கே அனுப்பினாலும், அது பூட்டிய அறை ஒன்றில் இருக்கும் இயந்திரத்துக்குப் போய்விட்டுத்தான் வரும். அந்த இயந்திரத்தைக் கட்டி மேய்ப்பது என் வேலை. எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை நான் ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு மெயில் தாமதமானால், நான் பிறந்ததிலிருந்து செய்த தவறெல்லாம் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

மூன்றாம் தொடக்கம்: "அது ஒரு விடுமுறை நாள், காலை. பழைய சர்வரிலிருந்து புதியதற்கு எல்லாருடைய மெயில் பெட்டிகளையும் நகர்த்திக்கொண்டிருந்தோம்."

இதில் பொய் எதுவும் இல்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

ஆனால் அந்தக் காலைக்குப் போகுமுன் எங்கள் அலுவலகத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது தெரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

எங்கள் மேலாளரை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் கிடையாது. பேசியவர்கள் அடுத்த மாதம் அங்கே இருந்ததில்லை. ஆகவே எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மெயிலை எழுதி, "இந்தத் தேதியில் அனுப்பு" என்று தேதி குறித்து வைக்கிற வசதி ஒன்று இருந்தது. கோபம் வந்தால் உட்கார்ந்து, வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதுவார்கள். பிறகு மேலாளர், எழுதியவர், எழுதியவரின் பேரப்பிள்ளைகள் எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகான ஒரு தேதியைப் போட்டு, அனுப்பு பொத்தானை அழுத்துவார்கள். அந்த அழுத்தத்தில்தான் சுகம். மெயில் போகாது. சர்வரில் படுத்துக்கிடக்கும். இதற்கு எங்கள் அலுவலகத்தில் "ஊறப் போடுவது" என்று பெயர்.

"என்ன சித்தப்பா, முகம் தெளிவா இருக்கு?" என்று கிடங்குப் பொறுப்பாளரைக் கேட்பார்கள். (அவரை எல்லாருக்கும் சித்தப்பா முறையாக்கி வைத்திருந்தோம்.)

"ஒண்ணு ஊறப் போட்டேன்டா. நல்லாப் பசியெடுக்குது" என்பார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நான் எதுவும் ஊறப் போடவில்லையா என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள்.)

4

விடுமுறை நாள், காலை. அறையில் நானும், சர்வர் விற்ற கம்பெனி அனுப்பிய நிபுணரும். அவர் பெயர் எனக்கு மறந்துவிட்டது. எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பார். அதையே பெயராக வைத்துவிடுகிறேன்.

"நகர்த்தும்போது கரண்ட் போனா?"

"பாத்துக்கலாம் சார்."

"பழசுல இருக்கற எல்லாம் புதுசுக்கு அப்படியே வருமா?"

"வந்தப்புறம் பாத்துக்கலாம் சார்."

இப்படிப்பட்ட மனிதரோடு ஓர் அறையில் இருந்து பாருங்கள். எனக்கு வியர்த்தது. அந்தக் குளிரில் வியர்ப்பது பெரிய சாதனை. மீசை இருந்திருந்தால் சொட்டியிருக்கும்.

பெட்டிகளைக் கூட்டம் கூட்டமாக நகர்த்தினோம். சின்ன ஆட்கள் முதலில், பெரிய ஆட்கள் பிறகு, மேலாளர் கடைசி. உடைந்தால் முதலில் சின்னவர்கள் தலையில் உடையட்டும் என்பது எல்லா அலுவலகத்துக்கும் பொதுவான ஞானம். ஆகவே முன்மதியத்தில் நிலைமை இது: ஏறக்குறைய எல்லாரும் புதிய சர்வரில். மேலாளரும் நாலைந்து பெரிய தலைகளும் மட்டும் பழையதில். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு நீலக் கேபிள். அதற்குள் பெரியவர் ஒருவருடைய கனத்த பெட்டி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. திரையில் பச்சைக்கோடு, நகர்வேனா என்று அடம்பிடித்தது.

அப்போது பாத்துக்கலாம், "சார், யாரோ மெயில் அனுப்பறாங்க போல" என்றார்.

"லீவு நாள்ல யாருய்யா அனுப்பறது?"

"நிறையப் பேர் அனுப்பறாங்க சார்."

திரையைப் பார்த்தேன். வெறுமையாக இருக்க வேண்டிய வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. முதல் தலைப்பு: "நீயெல்லாம் ஒரு மனுஷனா". அனுப்பியவர் சித்தப்பா. பெறுபவர் வண்டிப் பிரிவுப் பொறுப்பாளர். இருவருமே புதிய சர்வரில் இருந்ததால் நான் படித்து முடிப்பதற்குள் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

எனக்கு விளங்கிவிட்டது. ஊறியதெல்லாம் எழுந்து நடக்கிறது. அத்தனை தூரத்துத் தேதி புதிய சர்வருக்குப் புரியவில்லை. புரியாததைத் தேதியே இல்லை என்று எடுத்துக்கொண்டது. தேதி இல்லாத மெயிலை உடனே அனுப்புவதுதான் மெயில் சர்வரின் தர்மம்.

மேலாளருக்குப் போக வேண்டியவை மட்டும் நீலக் கேபிளின் வாயில் வரிசைகட்டி நின்றன. முன்னால் ஊரும் பெட்டி வழியை அடைத்திருந்தது. அது போய்ச் சேர்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாயும்.

வரிசையின் முதல் மெயில் என் மனைவியுடையது.

5

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும். கை வேகமாகப் போகிறது.

மெயிலின் தலைப்பு, "இனி என்னால் முடியாது." உள்ளே என்ன இருந்ததென்று தெரியாது. பிறர் மெயிலைத் திறக்காதவன் என்பதுதான் அந்த அலுவலகத்தில் எனக்கு இருந்த ஒரே கௌரவம். மனைவி மெயிலுக்கும் அது பொருந்தும். ஆனால் வெளியிலிருந்தே ஊகிக்க முடிந்தது. அவள் பணியாளர் பிரிவில் இருந்தாள். அவள் தயாரிக்கும் பணி அட்டவணையை மேலாளர் தன் கையால் மாற்றுவார். பிறகு கூட்டத்தில் எழுந்து, தான் மாற்றிய இடத்தையே தவறென்று உரக்கப் படிப்பார். அந்த மாதம் அவள் வீட்டில் பேச்சைக் குறைத்திருந்தாள். சர்வர் மும்முரத்தில் இருந்த எனக்கு அது சௌகரியமாகக்கூட இருந்தது.

அந்த மெயில் போய்ச் சேர்ந்தால் அவளுக்கு வேலை போகும். அவள் கணவன் என்பதால் எனக்கும் போகும். மேலாளர் சிக்கனமானவர், ஒரே கையெழுத்தில் இரண்டு பேரை முடிப்பார்.

"நிறுத்துய்யா, வரிசையை நிறுத்து" என்றேன்.

"நிறுத்தற பொத்தானைப் புதுசுல எங்க வச்சிருக்காங்கன்னு..."

"பாத்துக்கலாம்னு மட்டும் சொல்லாத."

அவர் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பச்சைக்கோடு ஒரே தாவாகத் தாவி முடிந்தது. வரிசை அசைந்தது. அவள் பெயருக்கு எதிரே "அனுப்பப்படுகிறது" என்று வந்தது. நான் இயந்திரத்துக்குப் பின்னால் பாய்ந்தேன். பின்னால் எல்லாக் கேபிளும் நீலம். எல்லாக் கேபிளும். ஒன்றை மாற்றி உருவினால் அலுவலகம் முழுவதும் செத்துப்போகும். சரியானதை உருவத் தாமதித்தால் நாங்கள். புதிய சர்வரின் முதுகில் கைவைத்து, கேபிளை விரலால் தடவிக்கொண்டே, கண் தெரியாதவன் சுவரைத் தடவுவதுபோல்

[உவமை வேண்டாம்.]

உருவினேன்.

திரும்பி வந்து பார்த்தபோது அவள் பெயருக்கு எதிரே "மீண்டும் முயலும்" என்றிருந்தது. பாத்துக்கலாம் நாற்காலியில் சாய்ந்து, "பிடிச்சிட்டீங்க சார்" என்றார். சாட்சி அவர் ஒருவர்தான். அவரும் பிறகு வேறு கம்பெனிக்கு, வேறு யாரையோ பயமுறுத்தப் போய்விட்டார்.

மற்றவர்களின் மெயில்களை அவரவர் வரைவுப் பெட்டிக்கே திருப்பினேன். மனைவியுடையதை மட்டும், மறுபடி அவள் கண்ணில் பட்டுக் கோபம் கிளம்பக்கூடாதென்று, திறக்காமலே அழித்தேன். ஆகவே ஆதாரம் கிடையாது.

(சித்தப்பாவின் மெயிலைப் பெற்ற வண்டிப் பிரிவுக்காரர் பதில் எழுதவில்லை. அந்த வாரம் முழுக்க சித்தப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதைவிடக் கொடிய பழிவாங்கலை நான் கண்டதில்லை. சித்தப்பா இளைத்தே போனார்.)

வீட்டுக்கு வந்து, "உன் மெயிலைப் பிடிச்சிட்டேன்" என்றேன்.

"எந்த மெயில்?"

"மேலாளருக்கு நீ போட்டது."

"நான் யாருக்கும் ஒண்ணும் போடல" என்றாள். அன்றிலிருந்து கல்யாண வீடுவரை அதே பதில்தான்.

6

இப்போது முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: நான் மாற்றி உருவிவிடுகிறேன். எல்லா மெயிலும் மேலாளருக்குப் போகிறது. அவர் ஒவ்வொன்றாகப் படித்து, கண்ணீர் விட்டு, திருந்துகிறார். [நான் பெரிய பொய்கள் சொல்பவன்தான். அதற்கும் எல்லை உண்டு.]

இரண்டாம் முடிவு: உருவவில்லை. இருவருக்கும் வேலை போகிறது. சேர்ந்து ஒரு கடை வைத்து ஓகோவென்று வாழ்கிறோம்.

"என்ன கடை?" என்றாள் தோளுக்குப் பின்னால் இருந்தவள்.

"இன்னும் யோசிக்கல."

"சாப்பாட்டுக் கடைன்னு எழுதிடாதீங்க. அங்கயும் நான்தான் நிக்கணும்."

மூன்றாம் முடிவு: வாசகரே, இதோ கேபிள். அந்தப் பக்கம் மேலாளர். இந்தப் பக்கம் என் மனைவியின் மெயில், கிளம்பிவிட்டது. உருவுவதும் விடுவதும் உங்கள் பாடு. நான் கை கழுவி

"இருங்க" என்றாள்.

7

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இதற்குமுன் நான் எழுதும்போது அவள் உட்கார்ந்ததே இல்லை. நின்றால்தான் குற்றம் கண்டுபிடிக்க வசதி என்பாள்.

"கேபிளை வாசகர் கையில குடுக்கறீங்களே, அவங்களுக்கு விஷயம் முழுசாத் தெரிய வேணாமா?"

"என்ன விஷயம்?"

"அது ஊறப் போட்ட மெயில் இல்ல."

நான் தட்டச்சுவதை நிறுத்தினேன். [இந்தப் பகுதியைப் பிறகு நினைவிலிருந்து எழுதுகிறேன். கூட்டிச் சொல்ல வரவில்லை, முயன்று பார்த்தேன்.]

"எல்லாரையும் மாதிரி நான் நூறு வருஷம் தள்ளித் தேதி போடல" என்றாள். "அந்த லீவு நாள் தேதியைத்தான் போட்டேன். ராஜினாமா லீவு நாள்ல போயிட்டா, அவர் வீட்ல இருந்தே படிச்சுப்பாரு. மறுநாள் நான் போய் யார் மூஞ்சியையும் பாக்க வேணாம். உங்க சர்வர் வேலை இருக்குன்னு தெரியும். கொஞ்சம் லேட்டாப் போகும், போகட்டும்னு விட்டேன்."

ஆக, அந்தக் காலை புதிய சர்வர் தேதி புரியாமல் உளறிக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு மெயிலை மட்டும் சரியான நாளில் அனுப்பப் பார்த்திருக்கிறது. நான் அதைத்தான் பிடித்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்கு அந்த மாசம் சர்வரைத் தவிர எது காதுல விழுந்துச்சு? சரி, நீங்களும்தான் எனக்கு ஒரு போன் போட்டு, அனுப்பவா வேணாமான்னு கேட்டிருக்கலாம்."

விசைப்பலகையைத் தள்ளி வைத்தேன்.

"மறுநாள் ஆபீஸ் போனேன். அவர் என்னைப் பாத்து எப்பவும்போல அட்டவணை எங்கன்னு கேட்டாரு. நீங்க நிஜமாவே பிடிச்சிட்டீங்கன்னு அப்பத்தான் தெரிஞ்சுபோச்சு."

"திரும்ப எழுதி அனுப்பியிருக்கலாமே."

"உக்காந்தேன். வரல."

"இத்தனை நாள் ஏன் இல்லவே இல்லைன்ன?"

"நீங்க அதை ஊரெல்லாம் சந்தோஷமாச் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. ஆமான்னு சொன்னா, எங்க குடும்பத்தைக் காப்பாத்தினார்னு நானும் சிரிக்கணும். பொய்யின்னா சிரிக்க வேண்டியதில்ல பாருங்க."

மின்விசிறி சுற்றியது. கீழே யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

"கோபமா?" என்றேன்.

"அப்ப இருந்துச்சு. அந்த ஆள் மாத்தலாகிப் போய், அந்த நாற்காலில என்னை உக்கார வச்சாங்களே, அன்னிக்குப் பாதி போச்சு."

"மீதி?"

"இருக்கு. பத்திரமா இருக்கு."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் மூன்றாம் முடிவைத் திரும்பப் படித்தாள். உதடு அசைந்தது.

"வாசகர் எதை வேணா உருவிட்டுப் போகட்டும்" என்றாள். "ஆனா அந்தச் சம்பந்திகிட்ட நான் சொன்னதை மாத்திடுங்க. நான் சொல்றேன், எழுதிக்குங்க. வெறுங்கையா, கையுறை போட்டிருந்தாரான்னு நான் பாக்கல. மெயில நான் எழுதினேன். அது கிளம்புச்சு. போய்ச் சேரல. நடுவுல பிடிச்சது இவர்தான். நடந்துச்சு."