வலப்பக்கக் கண்ணாடி

வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்து சாலையோரப் பலகைகளையெல்லாம் ஹார்மன் தன் மனைவியை வாசிக்கச் சொல்லிக்கொண்டு வந்தான். ஜெர்மனியைக் கடக்கும்போதும் ஆஸ்திரியச் சுரங்கப்பாதைகளுக்கு முன்னாலும், “என்ன போட்டிருக்கு மார்லீஸ்?” என்பான். அவள் வாசிப்பாள். முந்தைய வசந்தகாலப் பயணங்களில், படுக்கை வசதியுள்ள இந்த வேனோடு அவளுக்கு இருந்த வேலை, காபி ஊற்றிக் கொடுப்பதும் வண்டி பின்னால் வரும்போது நின்று கை காட்டுவதும்தான். இந்தத் தடவை தன் வாய்க்கும் ஒரு மதிப்பு வந்ததில் அவளுக்குச் சந்தோஷம்.

ஸ்லோவேனியாவில் பெரிய கணவாய் இன்னும் பனியில் மூடிக் கிடந்தது. ஹார்மன் பக்கவாட்டில் ஏறிய ஒரு சிறிய சாலையில் வண்டியைத் திருப்பினான். அந்த நேரம் பார்த்து, நெதர்லாந்திலிருந்தே கொண்டுவந்த உருளைக்கிழங்கு மூட்டை அவிழ்ந்து கிழங்குகள் உருண்டன. மார்லீஸ் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தவள், “திரும்பற இடத்துல போர்டு ஏதாவது இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் இல்ல.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்னு சொல்றேன்ல.”

சாலை போகப்போக ஒடுங்கியது. இடப்பக்கம் பாறை. வலப்பக்கம், மார்லீஸின் ஜன்னலுக்குக் கீழே, தடுப்புச் சுவர் இல்லாத பள்ளம். அடியில் பனி உருகிய தண்ணீர் இரைந்து ஓடியது. இல்லாத பிரேக்கை அவள் கால் அழுத்திக்கொண்டே வந்தது.

“இது மாடு போற பாதை மாதிரில்ல இருக்கு.”

“மாடு போனா நாமளும் போலாம்.”

அடுத்த வளைவில் மரக்கட்டை ஏற்றிய லாரி எதிரே வந்து நின்றது. ஓட்டுநர் ஜன்னல் வழியே கையை நீட்டிப் பின்னால் போகும்படி காட்டினார். ஒதுங்க இடம் கீழே, வளைவுக்கு அப்பால் இருந்தது. அவ்வளவு தூரம் பின்னாலேயே இறங்க வேண்டும்.

மார்லீஸ் கதவைத் திறந்தாள்.

“இன்னிக்குக் கை காட்டாத. வாயால சொல்லு,” என்றான் ஹார்மன்.

“இந்தத் தண்ணிச் சத்தத்துல வாயால சொன்னா யாருக்குக் கேக்கும்?”

அவள் பள்ளத்தின் ஓரமாகவே பின்னால் போய், வலப்பக்கக் கண்ணாடியில் தான் தெரியும்படி நின்றாள். கல்யாணமான புதிதில் வாடகை கேரவனை இழுத்துக்கொண்டு திரிந்த காலத்திலிருந்து அவர்களுக்குள் இருந்த பாஷை இது. உள்ளங்கையை மடக்கி அழைத்தால் வா. கையைப் பக்கவாட்டில் நீட்டினால் அந்தப் பக்கம் திருப்பு. மூடிய கை மேலே போனால் நில். மூடிய கைக்கு ஹார்மன் ஒரு விரற்கடைகூடத் தவறியதில்லை. முகாம்களில் பக்கத்து வண்டிக்காரர்கள் இதை வேடிக்கை பார்ப்பார்கள்.

வேன் மெதுவாக இறங்கியது. பின்சக்கரம் பள்ளத்தை நெருங்கியதும் அவள் கையை மூடி உயர்த்தினாள். வேன் நிற்கவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தினாள். சக்கரத்தடியில் சரளை நழுவிப் பள்ளத்தில் விழுந்தது. அவள் ஓடிவந்து வேனின் பின்பக்கத்தில் அறைந்தாள், திரும்பத் திரும்ப.

வேன் நின்றது. சக்கரத்தின் பாதி புல்விளிம்பில் இருந்தது.

அவள் ஹார்மனின் ஜன்னலுக்கு வந்தாள். உள்ளங்கை எரிந்தது.

“நில்லுன்னு காட்டினேன்.”

“நீ வரச் சொன்னதா நினைச்சேன்.”

“ரெண்டு கையையும் தூக்கினேன், ஹார்மன்.”

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தான். குளிர்காலம் முழுக்க அப்படித்தான் பார்த்தான். ஏதோ கோபம் என்று அவள் நினைத்திருந்தாள்.

“அந்தக் கண்ணாடியப் பாரு. என்ன தெரியுது?”

“வானம். ஓரத்துல கொஞ்சம் பச்சை.”

“நடுவுல?”

அவன் கைபிரேக்கை இன்னும் இறுக்கி இழுத்தான்.

“நடுவுல என்ன தெரியுதுன்னு கேட்டேன்.”

“ஒண்ணும் இல்ல. கிறிஸ்துமஸ்லேருந்து நடுவுல ஒண்ணும் இருக்கறதில்ல.”

பலகைகள் எல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் நினைவுக்கு வந்தன.

“டாக்டர்கிட்ட போனியா?”

“போனா வண்டி ஓட்டாதம்பாரு. நீயும் ஓட்ட மாட்ட. வேனை வித்திருப்போம்.”

“நான் ஓட்ட மாட்டேனா? ஒரு தடவ ஓட்டினேன். ஒவ்வொரு கியருக்கும் பல்லப் பிடுங்கற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே, மறந்துட்டியா?”

லாரிக்காரர் இறங்கி வந்தார். சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, உடைந்த ஜெர்மனில், “நான் எடுத்துத் தரட்டுமா?” என்றார்.

“அவர்கிட்டயே குடுத்துடலாம்,” என்றபடி ஹார்மன் இறங்கினான்.

இவர் வளைவு வரைக்கும் எடுத்துத் தருவார். அதற்கப்புறம் இந்த மலை இருக்கிறது, வீடு வரைக்கும் சாலை இருக்கிறது. மார்லீஸ் தலையசைத்தாள். “வேண்டாம். நீங்க பின்னால நின்னு கை காட்டுங்க. மூடின கைன்னா நில். சரியா?”

அவள் இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். வண்டி முதலில் முன்னால் ஏறியாக வேண்டும். கைபிரேக்கை விட்டதும் வேன் பின்னால் ஒரு சாண் நழுவியது. அவள் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது.

ஹார்மன் பாறையோடு ஒட்டி, வேனின் உடம்பில் கைவைத்து நின்றிருந்தான். “அரை கிளட்ச். இன்ஜின் குரல் இறங்குதுல்ல, அங்கயே பிடி. இப்ப குடு.”

சக்கரம் புல்லை அரைத்துக்கொண்டு சாலைக்கு ஏறியது.

“இப்ப ரிவர்ஸ். ஸ்டியரிங்க…”

“வாய மூடு, கிழவா.”

அவன் மூடிக்கொண்டான். லாரிக்காரர் கையை மூடிய ஒவ்வொரு தடவையும் அவள் நிறுத்தினாள். மூடாத சில தடவைகளும் நிறுத்தினாள். ஒதுங்குமிடத்தில் வேன் நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மேலே மர அறுவை ஆலை முற்றத்தில் திருப்பிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு லாரிக்காரர் ஏறிக்கொண்டார். மரக்கட்டைகள் வேனின் கண்ணாடியை உரசாத குறையாகக் கடந்து போயின.

கூடவே நடந்து இறங்கிவந்த ஹார்மன் வழக்கம்போல இடப்பக்கக் கதவுக்கு வந்தான். அவள் இறங்கவில்லை. கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவும் இல்லை. அவன் சற்று நேரம் நின்றான். பிறகு வேனின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டே சுற்றிப்போய் அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தான்.

ஆலையில் திருப்பிக்கொண்டு இரண்டாவது கியரிலேயே மலை இறங்கினாள். அவன் கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது.

சாலை தொடங்கிய இடத்தில், கீழேயிருந்து ஏறுகிறவர்களைப் பார்த்தபடி, சிவப்பு வளையம் போட்ட பெரிய பலகை ஒன்று நின்றது. அதைத் தாண்டியதும் அவள் நிறுத்தி, ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தாள்.

“என்ன போட்டிருக்கு?” என்றான் ஹார்மன்.

“ரெண்டு மீட்டருக்கு மேல அகலமான வண்டி போகக் கூடாது. மர லாரி மட்டும் போலாம்.”

அவன் குனிந்து, இருக்கைக்கடியில் உருண்டுகொண்டிருந்த ஒரு உருளைக்கிழங்கைத் தடவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

எதிரே பெரிய சாலை. மார்லீஸ் இடப்பக்கம் பார்த்தாள்.

“வலப்பக்கம் வண்டி எதுவும் வரல,” என்றான் ஹார்மன்.

அவள் அவன் மடிக்கு மேலாக எட்டி, வலப்பக்கத்தைத் தானே பார்த்துவிட்டு, வண்டியை எடுத்தாள்.