ஆமெனுக்குப் பிறகு

பெர்னார்ட் மாமாவை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகக் காத்திருந்தேன். கடைசியில் அதற்கு வழி விட்டது கிறிஸ்தவ ஒற்றுமை வாரம். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் அப்போது இருந்தேன்.

மாமா என் தம்பி கிளிஃபர்டின் மாமனார். அவர்கள் ஆர்.சி., நாங்கள் புராட்டஸ்டண்ட். ஜீவனஹள்ளியில் அவர்கள் கோயிலுக்கும் எங்கள் சர்ச்சுக்கும் நடுவில் இரண்டு தெருதான். அவருடைய ஒரே மகள் பெர்னதெத் எங்கள் சர்ச்சில் வைத்துத் தாலி கட்டிக்கொண்டாள். அன்றோடு அவளைத் தலைமுழுகிவிட்டார். ரோட்டில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அவள் பொறுத்துக்கொண்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நான்தான் கூட இருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் "அப்பாவாக்கா?" என்பாள். பார்த்தால் நர்ஸாக இருக்கும். கிளிஃபர்ட் போய்க் காலில் விழாத குறையாகக் கூப்பிட்டான். "என் மக எப்பவோ செத்துட்டா. யாரைப் பாக்க வரச் சொல்ற?" என்று அவனை வாசலோடு திருப்பி அனுப்பினார். அடக்கத்துக்கும் வரவில்லை. பெட்டியின் மேல் மண் போட்ட கையோடு எனக்குள் சொல்லிக்கொண்டேன், இந்த ஆளைச் சும்மா விடமாட்டேன் என்று.

இந்த ஜனவரியில் இரண்டு சபையும் சேர்ந்து அவர்கள் கோயிலில் ஒரு ஆராதனை நடத்துவதாக முடிவானது. பேனரில் 'ஒன்றிப்பு' என்று அவர்கள் சொல்லைப் போடுவதா, 'ஐக்கியம்' என்று எங்கள் சொல்லைப் போடுவதா என்பதிலேயே ஒரு மீட்டிங் போனது. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் வந்ததும் தகராறு முற்றியது. ஜெபம் ஒன்றுதான், ஆனால் அவர்கள் தமிழ் வேறு, எங்கள் தமிழ் வேறு. தீமையிலிருந்து காக்கும்படி கேட்டதும் அவர்கள் ஆமென் போட்டுவிடுவார்கள். நாங்கள் அங்கே நிறுத்தமாட்டோம். ராஜ்யமும் மகிமையும் கடவுளுக்கே என்று இன்னொரு வரி சொல்லித்தான் முடிப்போம். அவர்களும் பூசையில் அதைச் சொல்வார்கள்தான், நடுவில் ஃபாதர் ஒரு ஜெபம் சொன்ன பிறகு, அவர்கள் தமிழில்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்" என்று கன்னடம் கலந்து சொல்லி எங்கள் பாஸ்டர் விட்டுக்கொடுத்தார். பாட்டு எங்களுடையது, ஜெபம் அவர்களுடையது. அவர்கள் நிறுத்தும் இடத்தில் நாங்களும் நிறுத்த வேண்டும். மைக்கில் ஜெபத்தை நடத்தப்போவது யார் என்று கேட்டேன். பங்குப் பேரவைத் துணைத் தலைவர் பெர்னார்ட் என்றார்கள். எனக்கு வாயெல்லாம் பல்.

எங்கள் பாடகர் குழுவுக்கு நான்தான் தலைவி. பிராக்டீஸ் முடிந்ததும் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன்: "அவரு ஆமென் சொன்னதும் யாரும் வாயை மூடக் கூடாது. நம்ம வரியை நம்ம தமிழ்ல, கூரை அதிர்ற மாதிரி சொல்லணும்."

"பாஸ்டர் நிறுத்தச் சொன்னாரேக்கா?" என்றாள் டீனா.

"சும்னிரு, கேள்வி கேக்காத. நான் பாத்துக்கறேன்."

அவர் சொந்தக் கோயிலில், சொந்த ஜனம் பார்க்க, மைக்கைப் பிடித்துக்கொண்டு பேந்தப் பேந்த விழிக்க வேண்டும். எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

அன்று சாயங்காலம் கோயில் நிரம்பி வழிந்தது. மாமா மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். இளைத்திருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை, இளைக்கட்டும் என்றிருந்தது. ஜெபத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லி, ஆமென் என்றார். அவர் பக்கம் மொத்தமும் அடங்கியது.

நான் கையை உயர்த்தினேன். குழு முழுக்கத் தொண்டையைத் திறந்தது. பின்னால் எங்கள் ஜனமும் பழக்கதோஷத்தில் சேர்ந்துகொண்டது. மாமா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் மூன்று வருஷம் காத்திருந்தேன். ஆனால் அது ஒரு நொடிகூட நிலைக்கவில்லை. அவர் வாய் அசைந்தது. மைக்கில் அவர் குரலும் எங்களோடு வந்தது, எங்கள் தமிழில், ஒரு வார்த்தை பிசகாமல். நாங்கள் மூச்சு விட்ட இடத்தில்தான் அவரும் விட்டார்.

ஃபாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொல்லாமலே இப்படி ஒரு ஏற்பாடா குளோரியா!" என்று பாஸ்டர் பூரித்துப்போனார். எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

முற்றத்தில் டீ கொடுத்தார்கள். மாமா ஒரு ஓரமாக நின்றிருந்தார். நேரே போனேன்.

"எங்க கத்துக்கிட்டீங்க அதை?"

"பெர்னதெத்கிட்டதான்மா" என்றார். "ஞாயித்துக்கிழமை உங்க சர்ச்சுல அவதானே ஜெபம் சொல்லுவா? ஸ்பீக்கர்ல வெளிய கேக்கும். பூசை முடிஞ்சதும் வந்து ஆட்டோ ஸ்டாண்டுல நிப்பேன். அவ படுக்கைல விழுந்து குரல் நிக்கிற வரைக்கும் வந்தேன்."

"சர்ச்சு கேட்டு தொறந்துதானே இருந்துச்சு? உள்ள வர என்ன கேடு உங்களுக்கு?"

"நாலு பேரு என்ன சொல்லுவாங்களோன்னு..." முடிக்காமல் என் கையைப் பிடித்தார். "குளோரியா, கடைசில நீதானே கூட இருந்தே. அவ என்னைக் கேட்டாளா?"

மகளுக்காக ஆட்டோ ஸ்டாண்டு வரை நடக்கத் தெரிந்த மனுஷன், ஆஸ்பத்திரிக்கு நடக்கவில்லை. பாசமே தெரியாத ஆளையாவது மன்னிக்கலாம். 'கேட்டாள்' என்று சொன்னால் அழுவார். அழுதால், மகள் கடைசி வரை தன்னை மறக்கவில்லை என்ற ஆறுதல் அவருக்குக் கிடைத்துவிடும். அதைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

"இல்ல மாமா," என்றேன். "ஒரு தடவைகூடக் கேக்கல."

அவர் கண்ணை மூடி, மெல்ல சிலுவை போட்டுக்கொண்டார்.

"அப்பா சேசுவே," என்றார். "என்னை எதிர்பாத்து எதிர்பாத்து ஏங்கிச் செத்திருப்பாளோன்னு, மூணு வருஷமா எனக்குத் தூக்கமே இல்லம்மா. நல்லவேளை சொன்னே."

உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கதவு திறந்தபோதெல்லாம் கேட்டாள் என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் பாஸ்டரும் ஃபாதரும் கேமராக்காரரோடு வந்து, பிடித்த கையை அப்படியே வைத்திருக்கச் சொல்லி எங்களைச் சேர்த்து நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் போட்டோ இரண்டு சபைப் பத்திரிகையிலும் வந்தது. மாமா இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் போய் உண்மையைச் சொல்லிவிடலாம். தெருமுனை வரை போய்த் திரும்பியும் வந்திருக்கிறேன். போட்டோவில் அவர் நிம்மதியாகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை என் வாயாலேயே அவருக்குக் கொடுத்தேன் என்பதை நினைத்தால், இன்றைக்கும் வயிறு எரிகிறது.