சொந்தக் குரலில் ஒன்பது நிமிடம்

மோக் வாய்-லாமின் குரலை ஹாங்காங்கில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். முகத்தை, அவர் குடியிருக்கும் கட்டடத்தின் காவலாளிக்கே சரியாகத் தெரியாது. பின்னணிக் குரல் கொடுக்கிறவர்களின் பிழைப்பு அப்படி. அந்தக் காலத்தில் நடிகர் வாயை அசைத்துவிட்டுப் போய்விடுவார். இரண்டு மாதம் கழித்து இருட்டறையில் வேறொருவர் அந்த வாய்க்குள் பேச்சை வைப்பார். பெயர்ப் பட்டியலில் சிகையலங்கார உதவியாளர் வரைக்கும் வருவார்கள், குரல் கொடுத்தவர் மட்டும் வரமாட்டார்.

மோக் அப்படி வாய் நிரப்பிய இருநூற்றுச் சொச்சம் படங்களில் ‘தங்கப்பல் கூட்டாளிகள்’ ஒன்று. எண்பத்தைந்தில் வந்தது. வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்ட கான்ஸ்டபிளும் ஒரு பூட்டுத் திருடனும் சேர்ந்துகொண்டு ஒரு பணக்காரக் கிழவரின் தங்கப் பல்செட்டைத் திருடுவார்கள். திருடியபிறகு மனசு கேட்காமல் அதைத் திருப்பி வைக்கப் படாத பாடு படுவார்கள். அவ்வளவுதான் கதை. திருடனாக நடித்தவர் சோய் ஹோக்-மிங், அவருக்குக் குரல் மோக். கான்ஸ்டபிளாக நடித்தவர் செத்து இருபது வருஷம் ஆகிறது. அவருக்குக் குரல் கொடுத்த லாவ் போ-சாங் மட்டும் எழுபத்தாறு வயதில் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறார், குரலும் அப்படியே.

புத்தாண்டின் மூன்றாம் நாள் இருவரும் லாவ் வீட்டில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பழைய வீடியோவில் போட்டுப் பார்ப்பது வழக்கம். நல்ல இடம் வந்தால் இரண்டு பேருமே சிரிக்கமாட்டார்கள். “இந்த இடத்துல நீ மூச்சு விட்டது கேக்குதுடா” என்பார் லாவ். “அது மூச்சில்ல, நடிப்பு” என்பார் மோக். இப்படியே முப்பது வருஷம்.

இந்த வருஷம் யாரோ பக்கத்து மக்காவ் நகரில் மூடிக்கிடந்த ஒரு கொட்டகையிலிருந்து படத்தின் முழுப் பிரதியைக் கண்டெடுத்துவிட்டார்கள். திரைப்பட விழாவில் புதுப்பித்துப் போடுவதாக அறிவிப்பு வந்தது. வீடியோவில் வெட்டப்பட்டிருந்த ஐந்தாம் ரீல்கூட இருந்தது. காகிதக் கடையில், செத்தவர்களுக்காக எரிக்கிற காகிதக் காருக்குள் இரண்டு பேரும் ஒளிந்துகொண்டு கிசுகிசுவென்று சண்டை போடும் ஒன்பது நிமிடம். படம் பளிச்சென்று இருந்தது, கீழே ஓடும் வசன எழுத்துகள்கூடப் பிழைத்திருந்தன. அந்த ஒரு ரீலில் ஒலி பதிந்த ஓரத்தை மட்டும் பூஞ்சை தின்றுவிட்டது.

இங்கேதான் சோய் ஹோக்-மிங் உள்ளே வந்தார். திருடன் இப்போது கௌரவ டாக்டர். அரசாங்கப் பதக்கம் ஒன்று, பெயரில் ஒரு கலையரங்கு, ஊன்றத் தேவையில்லாத ஒரு கைத்தடி. பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்.

“நாப்பது வருஷமா என் வாயில வேற ஒருத்தன் குடியிருக்கான். இனிமே காலி பண்ணச் சொல்லணும்.”

ஐந்தாம் ரீலுக்கு அவரே குரல் கொடுப்பார். அது நன்றாக அமைந்தால் படம் முழுவதையும் திரும்பப் பேசுவார். இனி உலகத்தில் ஓடப்போவது அந்தப் பிரதிதான். சம்மதமில்லையென்றால் விழாவுக்கு அவர் வரமாட்டார், அவர் வராவிட்டால் விழாவுக்குப் புகைப்படக்காரர்கள் வரமாட்டார்கள்.

இதையெல்லாம் படித்துக் காட்டிவிட்டு லாவ் சொன்னார்: “உன்ன மொத்தமா அழிக்கப் போறாங்கடா.”

“அழிச்சா என்ன, பேர் போட்டிருந்தாத்தானே அழிக்கறதுக்கு” என்றார் மோக். அன்றைக்கு வாங்கிய அன்னாசி பன்னை அவர் கடைசிவரை தொடவில்லை.

மறுவாரம் அவரையே கூப்பிட்டார்கள். சோய்க்கு உதடு பொருத்தக் கற்றுக்கொடுக்க ஆலோசகராம். கழுத்தை அறுக்கிறவனுக்குக் கத்தி தீட்டிக் கொடுக்கும் வேலை. மோக் போனார். போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் எப்படி அறுத்தார்கள் என்பதுகூடத் தெரியாதே.

ஒலிக்கூடம் க்வுன் டோங்கில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தது, எட்டாம் மாடியில் மீன் உருண்டை செய்கிற கம்பெனி. ஒலிப்பதிவாளர் மிஸ் யிப், முப்பது வயதிருக்கும், எதற்கும் புருவத்தை உயர்த்தாத பெண். கூடவே டாக்டர் ஸே. இவர் நிஜ டாக்டர், பல்கலைக்கழகத்தில் சினிமா ஆராய்ச்சி. ஐந்தாம் ரீலைப் பற்றியே நாற்பது பக்கம் எழுதியிருந்தார்.

“சோய் சாரோட உதட்டசைவு வசனத்தோட ஒட்டாது, கவனிச்சிருக்கீங்களா?” என்று மோக்கிடம் கேட்டார். “அது தற்செயல் இல்ல. ஆட்சி செய்யறவன் மொழிக்கு எதிரா ஓர் உடல் பண்ற மௌன மறுப்பு.”

“அப்படிங்களா” என்றார் மோக்.

சோய் ஒலிவாங்கியின் முன் நின்றார். முப்பது வயது சோய் திரையில் காகித ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாயைத் திறந்தார். கீழே எழுத்து ஓடியது: ‘உன்னோட சேந்ததுக்கு மாமியாரோட சேந்து திருடியிருக்கலாம்.’ எழுபது வயது சோய் அதைப் படித்து முடித்தபோது திரையில் இருந்தவர் வாயை மூடி, திறந்து, மறுபடி மூடியிருந்தார்.

“இன்னொரு தடவை” என்றார் மிஸ் யிப்.

அன்றைக்கு அவள் அதை முப்பத்தொரு தடவை சொன்னாள்.

சோய் கெட்டிக்காரர்தான், உழைக்கவும் உழைத்தார். மோக்கும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார்: இங்கே இழுங்கள், இங்கே விழுங்குங்கள், உதட்டைப் பார்க்காதீர்கள், தாடையைப் பாருங்கள். சொல்லிக்கொடுக்கும்போதே உள்ளுக்குள், ‘வராது, வரவே வராது’ என்று ஒரு சந்தோஷம் ஓடியது. அதற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டதற்கு ஈடாக இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் சோய் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்தார். “என்னய்யா இது, என் வாய் எனக்கே ஒத்துவரல? நீங்களே பேசிக் காட்டுங்க ஆசிரியரே.” அவர் மோக்கை முதல் நாளிலிருந்தே ஆசிரியர் என்றுதான் கூப்பிட்டார். மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று, பெயரை ஞாபகம் வைக்கிற வேலையும் மிச்சம்.

மோக் ஒலிவாங்கியின் முன் நின்றார். உதடு ஒரு மயிரிழை பிசகவில்லை. ஆனால் ஒலிபெருக்கியில் வந்தது துருப்பிடித்த ஷட்டரை இழுத்து மூடுகிற சத்தம். திரையில் முப்பது வயது முகம், அதற்குள் எழுபத்துநாலு வயதுக் கிழவன். ஏழெட்டு வருஷமாக யாரும் வேலைக்குக் கூப்பிடாததற்குத் தனக்கு வயதானது மட்டும்தான் காரணம் என்று அவர் நினைத்திருந்தார். குரலுக்கும் வயதாகியிருந்தது.

“நன்றி சார்” என்றார் மிஸ் யிப். அவ்வளவு மெல்லிசாக அவள் பேசி மோக் கேட்டதில்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை காலை அவள் ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். “டைரக்டரோட சம்சாரம் குடுத்தாங்க. ஷூட்டிங்ல ஓடின டேப். குப்பையாத்தான் இருக்கும், எந்த இடத்துல வாய் தொறக்குதுன்னாவது தெரியும்.”

அதில் என்ன இருக்கும் என்று மோக்குக்குத் தெரியும். அந்தத் தொழிலில் இருந்த யாருக்கும் தெரியும். ஆனால் ஒரு நட்சத்திரத்தின் வாய் உண்மையில் என்ன பண்ணியது என்று வெளியே சொல்வது வழக்கமில்லை. அவர் தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

டேப் ஓடியது. மின்விசிறிச் சத்தம், எங்கோ ஒரு சேவல். அப்புறம் ஒரு குரல், மூக்கால் பேசுகிற மெல்லிய குரல், சின்னப் பையனுக்குச் சளி பிடித்த மாதிரி. அது கோபமாகச் சொன்னது: “ஒண்ணு ரெண்டு மூணு நாலு, அஞ்சு ஆறு ஏழு!”

செத்துப்போன கான்ஸ்டபிள் நடிகர் அதைவிடக் கோபமாகக் கிசுகிசுத்தார்: “எட்டு. எட்டு! ஒம்போது பத்து?”

“பதினொண்ணு” என்றது மூக்குக் குரல், மனமுடைந்து.

டாக்டர் ஸேயின் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது.

“வசனம் எழுதியே இருக்கமாட்டாங்க” என்றார் மோக், யாரையும் பார்க்காமல். “டைரக்டர் சொல்லுவார், இப்ப எண்ணுங்கடா, என்ன பேசினீங்கன்னு அப்புறம் சொல்றேன்னு. அந்த எண்ணிக்கைக்குத் தோதா நாங்கதான் பேச்சு கட்டுவோம்.”

“இது யார் குரல்?” என்றார் சோய்.

“நீங்கதான் சார்” என்றாள் மிஸ் யிப்.

சோய் ஒன்பது நிமிடமும் நின்றபடியே கேட்டார். நாற்பது வருஷமாக அவருக்குத் தன் இளமைக்குரல் என்று ஞாபகம் இருந்தது மோக்கின் குரல். வேறென்ன இருந்திருக்கும், தன் படங்களைத்தானே அவரும் பார்த்தார்.

டேப் முடிந்ததும் மிஸ் யிப் பட்டனை அமுக்கிவிட்டு, மளிகைக் கடையில் உப்பு கேட்பது போலக் கேட்டாள்: “சார், உங்களோட சொந்தக் குரல்தான் வேணும்னு சொன்னீங்க. இதான் அது. எண்பத்தஞ்சுலயே பதிஞ்சது. உதடு நூத்துக்கு நூறு ஒட்டும். கீழ எழுத்து ஓடுது, கதை புரிஞ்சிரும். இப்படியே போட்டுரலாமா?”

சோய் டாக்டர் ஸேயைப் பார்த்தார். டாக்டர் ஸே அதற்குள் சமாளித்துவிட்டிருந்தார். “இது பெரிய விஷயம் சார். மொழியை மறுத்துட்டு எண்ணுக்குப் போற உடல்! என் வாதத்துக்கே இது பலம்.”

மோக் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டியில் சொன்னதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒரு கௌரவ டாக்டர் நிற்பதைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை, சிரித்துவிடுவார்.

“போடுங்க” என்றார் சோய் கடைசியில். மிச்ச ரீல்களைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார்.

ஞாயிறு பகல் இரண்டரைக் காட்சி. முன்னூறு பேர். மோக்கும் லாவும் பன்னிரண்டாம் வரிசை ஓரத்தில். முதல் நான்கு ரீலில் ஜனங்கள் நன்றாகவே சிரித்தார்கள். ஐந்தாவது வந்தது. காகிதக் காருக்குள்ளிருந்து மூக்குக் குரல் ஆத்திரத்தோடு ஏழு வரைக்கும் எண்ணியதும் கூட்டம் ஒரு விநாடி மலைத்தது. ‘மாமியாரோட சேந்து திருடியிருக்கலாம்’ என்று கீழே எழுத்து வந்ததும் வெடித்தது. அப்புறம் அடங்கவேயில்லை. ஒரு கிழவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். மோக் மாதக்கணக்கில் செதுக்கிய வசனத்துக்கு அந்தக் காலத்தில் இவ்வளவு சிரிப்பு வந்ததில்லை. அது அவருக்கு உறைத்தது.

ஆறாம் ரீலில் சோய் காரிலிருந்து வெளியே வந்து வாயைத் திறந்தார். “ஓடுடா, பல்லு கடிக்குது!” அடித்தொண்டையிலிருந்து புறப்பட்ட சிரிப்பை அடக்கிக்கொண்ட அந்தப் பழைய குரல். கொட்டகை முழுக்க, வெயிலில் நடந்து வந்தவன் குளிரூட்டிய கடைக்குள் நுழைந்ததும் விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு. அப்புறம் கைதட்டல்.

“அவனுக்கா தட்றாங்க?” என்று லாவ் காதில் கேட்டார்.

“பேசாம படம் பாரு” என்றார் மோக். அவருக்குக் குரல் கரகரத்தது. அது இப்போதெல்லாம் எப்போதுமே கரகரக்கிறது.

படம் முடிந்து சோய் மேடையேறினார். கேள்வி நேரத்தில் முதல் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். “சார், அந்த ஒன்பது நிமிஷம் உங்க குரல்னு சொன்னாங்க. மத்த நேரமெல்லாம் பேசினது யாரு?”

சோய் கைத்தடியை மாற்றிப் பிடித்தார். “அவர் என் பழைய நண்பர். பெரிய கலைஞர். அவர் பேரு...” மேடையோரம் நின்ற டாக்டர் ஸேயைப் பார்த்தார். டாக்டர் ஸே தன் கட்டுரையைப் பார்த்தார்.

“மோக் வாய்-லாம்!” என்று பன்னிரண்டாம் வரிசையிலிருந்து செத்துப்போன கான்ஸ்டபிளின் குரல் கத்தியது.

முன்னூறு தலையும் திரும்பியது. லாவ் எழுந்து நின்று மோக்கின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். “இந்தா இருக்கான், எழுந்திருடா! ஒரு வாட்டியாவது மூஞ்சியக் காட்டு.”

“விடுறா, பட்டன் போகுது” என்றார் மோக். ஒலிவாங்கி இல்லாமலே அது நான்கு வரிசைக்குக் கேட்டது. நான்கு வரிசையும் சிரித்தது.

கைதட்டல் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பதைச் சோய் கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்பது வருஷ அனுபவம் சும்மா போகுமா? ஒலிவாங்கியை எடுத்தார், இரண்டு கையையும் விரித்தார், குரலில் ஈரம் ஏற்றிக்கொண்டார்.

“மோக்! என் உயிர் நண்பன்! இவர் குரல்ல ஒரு எழுத்துகூட யாரும் கைவைக்கக் கூடாது, படம் அப்படியே இருக்கணும்னு முதல் நாள்லேர்ந்து சொன்னவன் நான்தான்!”

புகைப்படக்காரர்கள் முன்னால் ஓடினார்கள். மிஸ் யிப் ஒலிக் கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிக்குப் பின்னால் முதன்முறையாகப் புருவத்தை உயர்த்தினாள்.

“பொய்யி! புளுகுறான் பாரு!” என்று லாவ் வாயெடுத்தார்.

மோக் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். “வாயை மூடு. முன்னூறு பேர் எதிர்ல சொல்லியிருக்கான். பேப்பர்ல வேற வரும். இனிமே அவனால மாத்த முடியாது.”

அப்புறம் அவர் கைதட்ட ஆரம்பித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.