மறைத்தால் நிற்காத ரத்தம்

முற்றம் நிறைய உப்பில் ஊறிய முட்டைக்கோசு. கொரியாவின் நாஜு ஊரில், அந்த வீட்டில் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாளென்றால் தெருவே வந்து உட்கார்ந்துவிடும். ஆறு மாதக் கர்ப்பிணி ஹேரிம், ஆளாளுக்கு ஊட்டிய பன்றிக்கறியை மறுக்க முடியாமல் தின்று, நெஞ்சடைத்துப்போய் ஓரமாகச் சாய்ந்தாள்.

அவ்வளவுதான்! ஓரகத்தி சுக்யங் ஊசியும் நூலுமாக ஓடி வந்தாள். செரிக்காவிட்டால் கட்டைவிரலில் குத்திக் கறுப்பு ரத்தத்தை வெளியேற்றுவது அந்த ஊர்க் கைவைத்தியம்.

"கையைக் குடுடீ. ஒரு குத்து, ரெண்டு சொட்டு, ஏப்பம் வந்துரும்."

"வேணாம்க்கா!"

"புள்ளை பெக்கப் போறவ ஊசிக்குப் பயப்படுறா பாரு!"

முற்றமே சிரித்தது. ஹேரிம் சிரிக்கவில்லை. ரத்தம் சட்டென்று உறையாத நோய் அவளுக்கு. ஆண், பெண் பாராமல் பரம்பரையாக வருவது. 'சொன்னா எவன் கட்டுவான்?' என்று அம்மா வாயை அடைத்திருந்தாள். ஹேரிமும், பல் பிடுங்கியபோது இரண்டு நாள் தலையணை நனைந்ததை ஈறு புண் என்று மழுப்பினாள். பிரசவ ஆஸ்பத்திரியில் 'பரம்பரை நோய் உண்டா?' என்று கேட்டபோதும், பக்கத்தில் மாமியார் இருந்ததால் 'இல்லை' என்றுவிட்டாள், பாவி. விரலில் வடிவதை அழுத்திப் பிடித்து நிறுத்திவிடலாம். பிரசவத்தில் பெருகினால் அந்தப் பொய் உயிரையே குடித்துவிடுமே!

சுக்யங் அதற்குள் ஹேரிமின் கட்டைவிரலில் நூலைச் சுற்றியேவிட்டாள். ஹேரிம் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு ரத்தம் லேசுல நிக்காதுக்கா. பொறவியிலேயே வந்த நோய். எங்கப்பாவுக்கும் இருக்கு."

சிரிப்பு அடங்கியது. மாமியார் மிளகாய் விழுது அப்பிய கையுறையோடு திரும்பினார்.

"ஏமாத்தியா கட்டி வச்சாங்க? மெதுவாப் பேசு, தெருவே கேக்குது!"

"கேக்கட்டும் அத்தை! மறைச்சது தப்புதான். கால்ல விழச் சொன்னாலும் விழறேன். ஆனா இனிமே மறைக்க மாட்டேன்."

அங்கேயே கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு ஆஸ்பத்திரியை அழைத்து, 'வான் வில்லபிராண்ட்' என்று நோயின் பெயரை நர்ஸ் எழுதி முடிக்கும்வரை உரக்கச் சொன்னாள்.

"நல்லவேளை, இப்பவே சொன்னீங்க," என்றாள் நர்ஸ். "ரத்த டாக்டரைப் பாத்து, மருந்தைத் தயாரா வச்சுக்கிட்டே பிரசவம் பாக்கலாம். குழந்தையையும் பரிசோதிக்கணும்."

"புள்ளைக்கும் வருமா? ஐயோ, எங்க குடும்ப மானம்!" மிளகாய்க் கையென்றும் பாராமல் தலையில் அடித்துக்கொண்டார் மாமியார்.

ஹேரிம் குரலைத் தாழ்த்தவில்லை.

"வந்தா வரட்டும். ரத்தத்துல வந்த நோய்க்கு யாரும் வெக்கப்பட வேண்டியதில்லை அத்தை. சொன்னா மருந்து இருக்கு, மறைச்சா உயிருதான் போகும். நான் பொழைச்சு வந்து எம்புள்ளைக்கு முதல்ல சொல்லிக் குடுக்கப் போறதே இதைத்தான்!"