நான்காவது மரபணு

கடற்புழுக்களின் மரபணுக்களை ஆராய்பவள் அவள். அன்று காலை மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரையைத் திறந்ததும் வாயெல்லாம் கசந்தது. எழுதியவர் பழைய ஆய்வகத்தில் அவள் அண்ணா அண்ணா என்று அழைத்தவர். ஒன்பது வருடத்துக்கு முன் அவளுடைய கண்டுபிடிப்பைத் தன் பெயரில் வெளியிட்டவர். அச்சுக்குத் தகுமா என்று இப்போது அவள் சொல்ல வேண்டும். சொன்னது யாரென்று அவருக்குத் தெரியாது. மனதில் பகை வைத்திருப்பவள் மதிப்பிட மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

கருவில் எது தலை, எது வால் என்று தீர்மானிக்கும் மரபணுக் குடும்பம் அது. மற்றப் புழுக்களில் மூன்று பேர். இந்தப் புழுவில் நான்காகப் பெருகிவிட்டது என்று அண்ணன் மார்தட்டியிருந்தார். அட்டவணையில் மூன்றாவதும் நான்காவதும் மற்றவற்றில் பாதி அளவே பதிவாகியிருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டும் ஒரே மரபணு. ஒன்று தாய் தந்த பிரதி, மற்றது தந்தை தந்தது. கடல் உயிர்களில் அவை வெகுவாக வேறுபடும். அவசரக்காரர்கள் இரண்டென்று எண்ணிவிடுவார்கள்.

'அருமை, அப்படியே வெளியிடலாம்' என்று எழுதி வைத்தாள். அச்சேறட்டும், பிறகு ஊரறியத் தோலுரிக்கலாம். கடவுளே, அவர் நல்லா அவமானப்படணும் என்று வேண்டிக்கொண்டாள்.

மீன்தொட்டி செய்யும் கணவரிடம் மதியச் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பொறுமையாக மென்று விழுங்கினார்.

"நான் செஞ்ச தொட்டியில ஒட்டு விட்டிருக்குன்னு தெரிஞ்சும் ஒருத்தன் அருமைன்னு சொன்னா, நனையிறது யாரு?"

"நீங்கதான்."

"நான் எங்க நனையிறேன்? வாங்கிட்டுப் போனவன் வீடுல்ல நனையும்."

முகம் தெரியாத யாரோ ஒருவர் அந்தக் கட்டுரையை நம்பி, இல்லாத நான்காவது மரபணுவை இரண்டு வருடம் தேடுவது அவள் கண்ணுக்குள் வந்தது. அதற்குப் பின் காலையில் வேண்டியதை மறுபடி வேண்ட முடியவில்லை.

எழுதியதை அழித்தாள். 'கேவலமான பிழை' என்று தொடங்கி, எங்கே பிசகியது என்று விளக்கினாள். விந்தணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்தால் எதிலும் இரண்டில் ஒன்றுதான் இருக்கும், உண்மை தெரிந்துவிடும் என்று வழியும் காட்டினாள்.

"மன்னிச்சிட்டியா?" என்று கணவர் எட்டிப் பார்த்தார்.

"ஆசைதான் உங்களுக்கு."

ஆனாலும் அனுப்புவதற்கு முன் 'கேவலமான' என்ற சொல்லை எடுத்துவிட்டாள். அரை மனதோடுதான் எடுத்தாள். அரை மனதையும் கடவுள் தள்ளுவதில்லை.